கருவாட்டுக்கடைக்காரர் மகள்

பேசாலை, மன்னார்
12.05.1977

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் இராஜகுமாரி எழுதுவது. நானும் அவரும் சுகம். உங்கள் இருமல் எப்படி? முந்திய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. கோபம் ஆறவில்லை என்று தெரிகிறது. ஆறாவிட்டாலும் வாசிப்பீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

நேற்று என் மானம் கப்பலேறிவிட்டது அப்பா. மாமி கோயிலுக்குப் போனதால் முதன்முதலாக நான் சமைத்தேன். அவர் கரையிலிருந்து ஒரு மீன் கொண்டுவந்து போட்டார். பச்சையும் வெள்ளியுமாகப் பளபளவென்று கிடந்தது. என்ன மீன் என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். "உங்கட கடையில நான் மூட்டை மூட்டையா இறக்கின கட்டாதான்!" கட்டாக் கருவாடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு தொட்டே சொல்வேன். தோலும் கண்ணுமாக அதை எங்கே பார்த்தேன்?

நம் வீட்டு வழக்கப்படி வெந்நீரில் ஊறவைத்தேன். பாதி அங்கேயே வெந்துபோயிற்று. மிச்சத்தைக் கழுவிப் புளிக்குழம்பு வைத்தேன், உப்பே போடாமல். மீன் என்றால் உப்போடுதான் வரும் என்று பிறந்ததிலிருந்து கைக்குப் பழக்கம். மாமி ஒரு வாய் வைத்துவிட்டு, "பிள்ளை, கடலுக்குள்ள கிடந்த மீன்தான். எண்டாலும் உப்பு நாங்கதான் போடவேணும்" என்றார். இன்றைக்குத் தெருவே சிரிக்கிறது.

ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள்
இராஜி


கட்டுகஸ்தோட்டை
03.06.1977

மகள் இராஜகுமாரிக்கு,

திட்டச் சொன்னாய், திட்டுகிறேன். அறிவு கெட்டவளே, உப்பில்லாமல் குழம்பு வைத்து என் பெயரையா கெடுத்தாய்? வீரய்யா கடைக் கருவாடு என்றால் தெல்தோட்டையிலிருந்து பஸ் பிடித்து ஆள் வரும், தெரியுமா?

பக்கத்துக் கடை ஹாஷிம் நானாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்குத் தேத்தண்ணி மூக்கால் வந்துவிட்டது. "மகள்ட பிழை இல்ல வீரய்யா. ஒங்கட ஊட்டுல ஒரு நாளாச்சும் மீன் ஆக்கினீங்களா?" என்று கேட்டார். எப்படி ஆக்குவது? கருவாட்டுக்கடைக்காரன் மார்க்கெட்டில் ஐஸ் மீன் வாங்கினால், இவன் சரக்கை இவனே தின்ன மாட்டான் போல என்று ஊர் சொல்லாதா? உன் அம்மா இருந்த காலத்திலும் இதே கட்டுப்பாடுதான்.

லொறியில் மூட்டை இறக்க வந்தவன் மகளை ஏற்றிக்கொண்டு போனான் என்று கடைத்தெரு இன்னும் பேசுகிறது. மாதா கோயிலில் நடந்த உன் கல்யாணத்துக்கு நான் வராததும் அதனால்தான். அதில் மாற்றம் இல்லை.

கட்டாவுக்குக் கண் எப்படி இருக்கும்? கருவாட்டில் அது தெரியாது.

அப்பா
வீரய்யா


பேசாலை
14.09.1977

அன்புள்ள அப்பா,

ஹாஷிம் நானா எழுதியிருந்தார். கலவரத்தில் கடையை எரித்துவிட்டார்களாம், நீங்கள் அவர் வீட்டில் பத்திரமாக இருக்கிறீர்களாம். கடை போகட்டும் அப்பா, நீங்கள் இருக்கிறீர்கள், அது போதும். அழுது முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இங்கே வந்துவிடுங்கள். அறை இருக்கிறது. இப்போது உப்பும் போடுவேன். நண்டுக் குழம்பை இறக்கும்போது முருங்கை இலை போட வேண்டும், கணவாயை அதிகம் வேகவிட்டால் செருப்புத் தோலாகிவிடும், எல்லாம் படித்துக்கொண்டேன். தினமும் ஒரு மீனைப் பார்த்து, இது நம் கடையில் எந்த மூட்டையில் இருந்தது என்று யோசிப்பேன். முக்கால்வாசி தப்பாகத்தான் சொல்வேன்.

கட்டாவின் கண்ணைப் பற்றி எழுத மாட்டேன். வந்து பாருங்கள்.

இராஜி


கட்டுகஸ்தோட்டை
08.10.1977

மகளுக்கு,

கடை எரிந்த அன்றைக்கு நானாவின் பின்னறையில் ஒளிந்திருந்தேன். சுட்ட கருவாட்டு வாசனை பாலம் வரைக்கும் வீசியது. சொன்னால் வெட்கம், எனக்குப் பசித்தது. சொந்தக் கடை எரிகிற வாசனையில் பசியெடுத்த மனுஷன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

மலைநாட்டு ஆட்களை இந்தியாவுக்கு அனுப்புகிற ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்த இந்தியப் பாஸ்போர்ட் கையில் இருக்கிறது. இங்கே இருக்க விசா மாசியோடு முடிகிறது. தலைமன்னாரில் கப்பலேறித் துறையூரில் உன் சித்தப்பாவிடம் போகிறேன். ஆகவே உன் வீட்டில் தங்குகிற பேச்சே இல்லை. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் கூப்பிடாதே. நான் கட்டிக் கொடுக்காத பெண்ணின் வீட்டில் எந்த முகத்தோடு கை நனைப்பது?

அப்பா


பேசாலை
30.01.1978

அன்புள்ள அப்பா,

தலைமன்னார் ரயில் எங்கள் ஊரில் நின்றுதான் போகும். மலைநாட்டுச் சனங்கள் மூட்டை முடிச்சோடு அதில் போவதை வாரந்தோறும் பார்க்கிறேன். ஒவ்வொரு ஜன்னலிலும் உங்களைத் தேடுகிறேன்.

ஒரு நாள் முந்திப் புறப்பட்டு இங்கே இறங்குங்கள். கட்டிக் கொடுக்காவிட்டால் என்ன, பெற்றது நீங்கள்தானே? "மாமான்ர மூட்டையை எப்பவும் நான்தானே இறக்கிறனான், இதையும் இறக்கிறன்" என்கிறார் உங்கள் மருமகன் சந்தியோகு. இறங்க மனம் வராவிட்டால் ஜன்னல் பக்கமாகவாவது உட்காருங்கள். தூக்குச்சட்டியோடு நிற்பேன்.

இராஜி


துறையூர்
02.03.1978

என் தங்கத்துக்கு,

அப்பா சுகமாக வந்து சேர்ந்தேன். கப்பலில் குடலே வெளியே வந்துவிட்டது. மண்டபம் முகாமுக்குச் சித்தப்பா வந்து அழைத்துப் போனான். இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல்தான்.

பேசாலையில் இறங்கும்வரை இறங்கக் கூடாது என்றுதான் இருந்தேன். அந்தப் பயல் ஓடிவந்து என் பெட்டியைத் தோளில் ஏற்றினான். "மெதுவா மாப்பிள்ள, கழுத்து சுளுக்கிக்கப் போவுது" என்று என் வாயில் வந்துவிட்டது. அதைக் கேட்டுத்தான் நீ அழ ஆரம்பித்தாய், அடுப்படியிலும் விடவில்லை.

கட்டாவின் கண்ணைப் பார்த்தேன். ஆயுசு முழுக்க விற்ற சரக்கின் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். அழகான மீன்.

இனிச் சொல்லலாம், கோபிக்காதே. அன்றைக்கும் நீ குழம்பில் உப்புப் போடவில்லை. உன் மாமியும் மாப்பிள்ளையும் வாய் திறக்கப் பார்த்தார்கள், நான் கண்ணைக் காட்டிவிட்டேன். மூன்று பேரும் சத்தமில்லாமல் சாப்பிட்டு எழுந்தோம். மாப்பிள்ளையோடு என்னைக் கப்பலுக்கு அனுப்பிவிட்டு நீ சாப்பிட உட்கார்ந்தபோது உனக்கே தெரிந்திருக்கும். சொல்லியிருந்தால் நீ இன்னொரு தரம் அழுதிருப்பாய். நீ அழுதிருந்தால் நான் கப்பலேறியிருக்க மாட்டேன், விசா முடிந்தவனைத் தேடிப் பொலிஸ் உன் வாசலுக்கு வந்திருக்கும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நீ உப்பே போடவில்லை. இருந்தும் ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் உன்னைத்தான் நினைக்கிறேன், அம்மாடி.

அப்பா
வீரய்யா