தவம் அக்காவின் ஐந்து மணிச் சோதனை

அன்புள்ள தவம் அக்காவுக்கு,

இதை நம் மென்பொருளின் பொதுப் பக்கத்திலேயே எழுதுகிறேன். எல்லாரும் வாசிக்கட்டும். உங்களைத் திட்டியதும் இங்கேதானே?

நாம் இரண்டு பேராகத் தொடங்கிய வேலை. தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில், நம் லயத்தில் இருக்கும் ஆட்கள், மழைமானியில் பார்த்த அளவைப் போனில் போட வேண்டும். அன்றைய மழை எல்லை தாண்டினால் மண்சரிவு எச்சரிக்கை எல்லாருக்கும் போக வேண்டும். யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று திறந்து வைத்தோம். பண்டாரவளை, திருச்சி, டொரன்டோ என்று ஆட்கள் சேரச் சேர எனக்குத் தலைகால் புரியவில்லை.

யார் எதை மாற்றினாலும் ஒரு பொதுக் கணினி எல்லாச் சோதனைகளையும் தானாக ஓட்டிப் பார்க்கும். எல்லாம் சரியென்று பச்சை வந்தால்தான் அந்த மாற்றத்தைச் சேர்க்கலாம். காலை ஐந்து மணிக்குப் போட்ட மழை அன்றைய தேதியில் விழுகிறதா என்று பார்க்க நீங்கள் ஒரு சோதனை எழுதினீர்கள். என் லேப்டாப்பில் அது பச்சை, அங்கே எப்போதும் சிவப்பு. மற்றவர்களின் வேலையெல்லாம் வரிசையில் நின்றது. ஆளாளுக்கு என்னைப் பிடுங்கினார்கள்.

"அஞ்சு மணிக்கு யார் எழும்பி மழை அளக்கப் போறாங்க? சோதனை எழுதத் தெரியாதவங்க சும்மா இருந்தாலே பெரிய உதவி" என்று எழுதினேன், அத்தனை பேர் பார்க்க. சோதனையையும் அணைத்தேன். ஐந்து மணிக்கு அளந்துவிட்டு, ஆறு மணி பஸ்ஸில் பதுளைக்குக் கடை வேலைக்கு வருகிறவர் நீங்கள் என்று எனக்குத் தெரியாதா? கோபத்தில் மறந்துவிட்டேன் என்று சொல்லிப் பார்க்கிறேன். அதுவும் பொய்.

"சரி தம்பி, நீங்களே பாத்துக்கங்க." அந்த ஒரு வரியோடு ஒதுங்கிவிட்டீர்கள். நானும் கூப்பிடவில்லை. இரண்டு மாதத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள், லயத்துக்குத் திரும்பவே இல்லை.

சாவு வீட்டில் உங்கள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் கம்ப்யூட்டர் வேலைய தவம் ஏன் விட்டுச்சு தம்பி? கேட்டா சொல்லவே இல்லயே."

"கடையில வேலை கூடிப்போச்சும்மா" என்றேன், வாய் கூசாமல்.

நீங்கள் போன பிறகும் அம்மா மழை அளப்பதை விடவில்லை, தெரியுமா? போன வாரம் எனக்குப் போன் எடுத்தார். "விடிய அஞ்சுக்கே அளந்து போட்டேன் தம்பி, ஒரு மெசேஜும் வரல. மண்ணு சரிஞ்சு குசினி அடுப்பு வரைக்கும் வந்திருச்சு. நாந்தான் கதவு கதவாத் தட்டி எல்லாரையும் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனேன்." நல்ல வேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

உங்கள் சோதனையைத் திரும்பப் போட்டேன். சிவப்பு. அந்தப் பொதுக் கணினியின் கடிகாரம் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது, எச்சரிக்கை அனுப்பும் கணினியிலும் அப்படித்தான். நமக்கு விடியும்போது அங்கே இன்னும் நேற்று. அம்மா போட்ட மழை முந்தைய நாள் தேதியில் போய் விழுந்திருக்கிறது; அன்றைய கணக்கு எல்லையைத் தாண்டவில்லை, எச்சரிக்கையும் போகவில்லை. என் லேப்டாப்பில் இலங்கை நேரம், அதனால்தான் பச்சை. மென்பொருளில் தேதி எடுக்கும் வரியை எழுதியது நான், அக்கா. உங்கள் சோதனை முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் சொன்னது.

வரியைத் திருத்திவிட்டேன். சோதனை உங்கள் பெயரோடு ஓடுகிறது. இனிச் சிவப்பு வந்தால் எத்தனை பேர் வரிசையில் நின்றாலும் நிற்கட்டும்.

இங்கே எழுதுவது லேசு, யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போகிறேன். நீங்கள் ஏன் விட்டீர்கள் என்று அம்மாவிடம் சொல்லப்போகிறேன். "நீயா தம்பி?" என்று அவர் கேட்டால், "ஆமாம்மா, நான்தான்" என்று அவர் முகத்தைப் பார்த்தே சொல்வேன். இது சத்தியம்.

அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே உங்களை அவமானப்படுத்திய தம்பி,
சுதாகர்