மட்டை தொட்டால் போதாது

ஜூலை 9, வியாழன்

வெக்கை. மு.ப. வங்கி, மருந்துக்கடை. கறிவேப்பிலை வாடல், வாங்கவில்லை.

ரொறன்ரோவிலிருந்து மகன் ரமணன் போன் எடுத்தான். வீட்டைக் கொடுத்துவிட்டு அவனோடு போய் இருக்க வேண்டுமாம். ஞாயிறு வருகிறானாம், அன்றே பதில் வேண்டுமாம். சரி என்றேன். எதற்குச் சரி என்று எனக்கே தெரியாது. போனாலும் ஒன்று, இருந்தாலும் ஒன்று. மார்ச்சில் அவர் இறந்ததிலிருந்து எல்லாம் இப்படித்தான்.

ஜூலை 10, வெள்ளி

பி.ப. சிவா வந்தார். ஆஸ்பத்திரியில் கட்டில் தள்ளும் வேலை. ஞாயிறுகளில் கீழே பார்க்கில் பேஸ்போல் விளையாடும் நம்மவர்களுக்குக் கப்டன். செருப்பைச் சோடியாக வைத்தார். நல்லது.

"அன்ரி, அங்கிள் போனபிறகு அம்பயருக்கு ஆளில்லை. ஆரை விட்டாலும் அடிபாடு. நீங்கள்தான் நிக்கவேணும்."

"எனக்கென்ன தெரியும்?"

"கரையில கதிரை போட்டு இருந்துகொண்டு அங்கிளுக்கே பிழை பிடிச்ச ஆள் நீங்கள்."

உண்மை. கொன்வென்ற் பள்ளிக்கூடத்தில் நெற்போல் ஆட்டங்களுக்கு நடுவராய் விசில் ஊதியவள் நான். அவருக்கு இரக்கம் கூடுதல். நம்மவர்கள் கிரிக்கெட் பழக்கத்தில் மட்டையோடு ஓடி, ஓடிச் சேரவேண்டிய பேஸை மட்டையால் தொடுவார்கள். உடம்பு தொட வேண்டும், அதற்குள் பந்து மேலே பட்டால் அவுட் என்பதுதான் விதி. அவர் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்.

வருகிறேன் என்றேன். மறுப்பதற்கும் அலுப்பு.

ஜூலை 12, ஞாயிறு

முகில். வெள்ளைச் சேலை, தொப்பி, குடை.

ரமணன் வந்து இறங்கியதும் அவனையும் இழுத்துக்கொண்டு போனார்கள். ஆள் குறைவாம். நாற்பத்தாறு வயது, வயிறு வேறு. எதிர்ப் பக்கம் அடுத்த தெரு ஸ்பானிஷ்காரர்.

முடிகிற நேரம். ஓர் ஓட்டம் எடுத்தால் சமன். ரமணன் அடித்த பந்து மரத்தடிக்கு. மட்டையோடேயே முழுச் சுற்றும் ஓடி வந்தான். கடைசிப் பேஸில் முழங்காலில் விழுந்து, மட்டையை நீட்டித் தொட்டான். உடம்பு ஒரு முழம் வெளியே. அதற்குள் பந்தோடு வந்தவன் அவன் முதுகில் தட்டிவிட்டான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கையை உயர்த்தினேன். அவுட்.

"அம்மா, மட்டை பட்டது."

"நீ படேல்லை."

"அப்பா எண்டால் தந்திருப்பார்."

"ஓம். தந்திருப்பார்."

கையை இறக்கவில்லை. பின்னால் யாரோ: "பெத்த பிள்ளைக்கே அவுட்டடா. எங்கட கதி என்ன?" ஸ்பானிஷ்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றி, மெர்சி மடாம் என்றார், இந்த ஊர்ப் பிரெஞ்சில். தோற்றோம்.

வீட்டில், சாப்பாட்டு நேரம்.

"அப்ப, எப்ப சாமான் கட்டுவம்?"

"நான் வரேல்லை."

"இந்த விளையாட்டுக்காகவோ?"

"சோறு ஆறுது. சாப்பிடு."

பாதியில் எழுந்து போய்விட்டான். கார்க் கதவை அடித்துச் சாத்தியது மூன்றாம் மாடிவரை கேட்டது. சோற்றை மூடி வைத்தேன். அழுகை வரவில்லை. பசித்தது, சாப்பிட்டேன்.

ஜூலை 13, திங்கள்

மழை. குளியலறையில் அவன் கழற்றிப் போட்ட காற்சட்டை. முழங்காலில் கிழிசல், ரத்தம், புல் கறை. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தேன். ரத்தம் போயிற்று. புல் கறை போகவில்லை. காய்ந்ததும் கிழிசலைத் தைத்தேன், மடித்தேன். தபாலில் அனுப்ப வேண்டும்.

வேண்டாம். வந்து எடுக்கட்டும்.