இடப்பக்கம் முறுக்கிய தாள்

கென்ட், 9.11.1987

அன்புள்ள அப்பா,

மூட்டுவலி எப்படி இருக்கிறது? வீட்டுக்காரம்மா போன வாரம் காலமாகிவிட்டார். இப்போது வீட்டில் நான் மட்டும்தான். பரணில் அவர் தோட்டத்து ஆப்பிள்கள், தாள் சுற்றி, ஒன்றையொன்று தொடாமல் அடுக்கியிருக்கின்றன. காக்ஸ் ரகம் தின்ன, பிராம்லி ரகம் சமைக்க. பிராம்லியைக் கடித்தால் புளிப்பில் பல் கூசும். வேகவைத்தால் கூழாகக் கரைந்துவிடும்.

பரணுக்கு ஏறும் ஏணியில் ஒரு படி ஆடுகிறது, நான் ஏறுவதே இல்லை. ஆனாலும் தினமும் காலையில், அழுகிய பழங்கள் மட்டும் அடுப்படி ஜன்னலில் வரிசையாக இருக்கின்றன.

அருள்மேரி

தாம்பரம் மார்க்கெட், 24.11.1987

மேரிக்கண்ணு,

தின்ன ஒன்று, சமைக்க ஒன்றா? இங்கே சொன்னால் சிரிப்பார்கள். அழுகல் பொறுக்குவது வியாபாரி வேலை, பேய்க்கு அதில் என்ன அக்கறை? எவனிடமோ சாவி இருக்கிறது. பூட்டை மாற்று. ஏணிப் பக்கம் போகாதே.

நர்ஸ் வேலை பார்த்தது போதும், கிறிஸ்துமஸுக்கு வந்துவிடு. கூடை தூக்கி வளர்த்த பழக்கடை உனக்குத்தான். இடக்கைக்காரி நீ, பழம் சுற்றும் தாளை எல்லோரும் வலப்பக்கம் முறுக்க, நீ மட்டும் இடப்பக்கம் முறுக்குவாய். உன் தாளைக் கண்ணை மூடித் தொட்டே சொல்லிவிடுவேன்.

சவுரிமுத்து

கென்ட், 14.12.1987

அப்பா,

பூட்டை மாற்றியும் நிற்கவில்லை. பழகிவிட்டது. ஆனால் நேற்றும் இன்றும் ஜன்னல் காலி. மேலே வாசம் மாறுகிறது. ஒன்று கெட்டால் தட்டே கெடுமே. வீட்டுக்காரம்மா வேலையை யாராவது செய்யவேண்டும். ஞாயிற்றுக்கிழமை லீவு, ஏறிப் பார்க்கிறேன்.

22ஆம் தேதி டிக்கெட். நேரே கடைக்கே வந்துவிடுகிறேன்.

அருள்மேரி

தாம்பரம் மார்க்கெட், 27.12.1987

மேரி,

23ஆம் தேதி முழுக்க மீனம்பாக்கத்தில் நின்றேன். நீ இறங்கவில்லை.

மறுநாள் கடை திறந்தேன். பூட்டு போட்டது போட்டபடி. உள்ளே சிம்லாப் பெட்டிகளிலிருந்த அழுகல் எல்லாம் கல்லாமேல் வரிசையாக. நல்ல பழங்களுக்குப் புதுத் தாள். பழம் பொறுக்குகிற கன்னியம்மா கேட்கிறாள்: "இன்னா மொதலாளி, பொண்ணு வந்துகீது, சொல்லவேயில்ல? ஒளிச்சி வெச்சிகினு கீறீங்களா?"

தொட்டுப் பார்த்தேன். இடப்பக்கம்.

நாலு நாளாக இப்படித்தான். கடை முழுக்கப் புளிப்பு வாசம். சிம்லாப் பழத்துக்கு அந்த வாசம் கிடையாது.

உன் ஆஸ்பத்திரியிலிருந்து தந்தி வந்திருக்கிறது. பிரிக்கவில்லை. நீதான் வந்துவிட்டாயே.

இதைத் தபாலில் போடப்போவதில்லை. பெட்டிமேல் வைத்துவிட்டுக் கடையைப் பூட்டுகிறேன். நாளைக்குக் கொஞ்சம் நேரங்கழித்தே திறப்பேன். அவசரப்படாமல் செய்.

அப்பா