மூன்றின் வாயை மூடியவன்

என் செல்ல வசந்தி,

நீ எங்களை எல்லாம் விட்டுப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாதவன் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால் பயம்தான் காரணம். அம்மாவிடம் சொல்ல முடியாது. உன் அண்ணியிடம் பாதிதான் சொன்னேன். நர்ஸாக இருந்த உனக்குத்தான் இது முழுசாகப் புரியும்.

நான் ஓர் ஆங்கில எழுத்துரு வரைந்துகொண்டிருந்தேனே, நினைவிருக்கிறதா? ஸ்லாப் செரிஃப் வகை. கோடு முடிகிற இடத்தில் எல்லாம் செங்கல் வைத்த மாதிரி தடித்த சதுரப் பாதம். பழைய டைப்ரைட்டர் எழுத்து, சுவரொட்டித் தலைப்பு எல்லாம் இந்தக் குடும்பம்தான். மெல்லிசுக் கோடே கிடையாது என்பதால் மட்டமான தாளிலும் மங்கிய மையிலும் நின்றுவிடும். அதைப் பெருமையாகச் சொல்லித்தான் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தேன். மருந்து பாட்டில்களில் ஒட்டும் சீட்டுக்கு.

மூன்று வாரம் ஒரு பேச்சும் இல்லை. நான்காவது வாரம் ஒரு காலையில் தேவி போன் செய்தாள். உன் தோழி தேவிதான். இப்போது அந்த மருத்துவமனை வார்டில் நர்ஸாக இருக்கிறாள்.

"அண்ணா, ஜல்தி கிளம்பி வாங்க. உங்க சீட்டுல மூணு எட்டு மாதிரி தெரியுது. ஒரு பெரியவருக்கு மருந்து ஊத்தப் போயிட்டு, சந்தேகம் வந்து நிறுத்தினேன்."

தலைநகரின் புசா ரோடு நெரிசலில் ஆட்டோ நின்ற ஒவ்வொரு நிமிஷமும் இறங்கி ஓடிவிடலாமா என்று பார்த்தேன். மருந்தகப் பொறுப்பாளர் என்னைக் கண்டதும், பிரிண்டரில் சூடு கூடி எழுத்து தடித்துவிட்டது, நீங்கள் கவலைப்படாதீர்கள் என்று ஹிந்தியில் ஆறுதல் சொன்னார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

சீட்டைக் கையில் வாங்கினேன். மூன்று என்ற எண்ணுக்கு இடது பக்கம் திறந்திருக்க வேண்டும். அதன் இரண்டு முனைகளிலும் பாதம் வைத்தால் கம்பீரமாக இருக்கிறது என்று நீட்டி நீட்டி வரைந்தவன் நான். திரையில் பெரிதாகப் பார்த்து ரசித்தேன். அரிசி மணி அளவுக்குச் சின்னதாக அச்சான பிறகு, அந்தப் பாதங்கள் நடுக்கோட்டோடு ஒட்டி வாயை அடைத்துவிட்டன. சூடு கொஞ்சம் கூடினதும் அது எட்டு.

"பிரிண்டர் இல்ல சார், தப்பு என்னோடது. வெளியே போன சீட்டை எல்லாம் திரும்ப வாங்குங்க" என்றேன். அவர் முகம் மாறியது. அதற்குப் பிறகு அவர் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போன மருந்துகளின் பட்டியலை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். ஒரே ஒரு போன் மட்டும் அணைந்தே கிடந்தது. எட்டு மாதக் குழந்தை, வலிப்பு மருந்து, காலை மாலை மூன்று மில்லி. எட்டு மில்லி உள்ளே போனால் என்ன ஆகும் என்று தேவியிடம் கேட்டேன். அவள் செருப்பை மாட்டினாள்.

விலாசம் ரயில் பாதையை ஒட்டின ஒரு ஜுக்கி, அதாவது குடிசை. தமிழ்க் குடும்பம். அம்மா பெயர் செல்வி, வீட்டு வேலைக்குப் போகிறவள். வாசலில் நின்றபோது குழந்தை எங்கே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை வசந்தி. உனக்கு இப்படி எத்தனை வாசல்கள் இருந்திருக்கும்?

தேவிதான் கேட்டாள். "மருந்து எவ்வளவு குடுத்தீங்கம்மா?"

"குடுக்கவே இல்லக்கா. ரெண்டு நாளாச்சு. பாட்டில்ல மூணு போட்டிருக்கா எட்டு போட்டிருக்கான்னு புரியல. பக்கத்து வீட்டு ஹிந்திக்கார அண்ணன் எட்டுங்கிறாரு, அவரு சம்சாரம் மூணுங்கிறாங்க. எனக்குப் பயமாயிடுச்சு. போனும் ரிப்பேரு, யாரைப் போய்க் கேக்க?"

அதிகம் போயிருக்குமோ என்றுதான் வழி நெடுக பயந்துகொண்டு வந்தேன். ஒரு சொட்டுகூடப் போகாமல் இருக்கும் என்று தோன்றவே இல்லை. அவள் மடியில் குழந்தையின் இடது கை விட்டு விட்டு இழுத்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அப்படித்தான் என்றாள்.

தேவி குழந்தையை வாங்கிக்கொண்டு தெருவில் ஓடினாள். ஆட்டோவில் செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் ஆகாதுல்ல அண்ணே?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நான் யார் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

ஐந்து நாள் வார்டில் இருந்து குழந்தை வீடு திரும்பிவிட்டாள். பாதிப்பு இருக்குமா என்று இப்போதே சொல்ல முடியாதாம். ஆறு மாதம் பார்க்க வேண்டுமாம். வார்டிலேயே செல்வியிடம் சொல்லிவிட்டேன், அந்த எண்ணை வரைந்தவன் நான்தான் என்று. அவள் குழந்தையின் போர்வையை இழுத்துவிட்டாள். "அப்ப உங்க நம்பரைக் குடுங்க" என்றாள்.

மூன்றின் பாதங்களை வெட்டி, வாயை அகலமாகத் திறந்து புதிதாக வரைந்து கொடுத்தேன். சின்னதாக, மோசமாக அச்சடித்துப் பார்த்து, நர்ஸுகள் சரி என்ற பிறகுதான் ஒட்டினார்கள். அழகு கொஞ்சம் போய்விட்டது. போகட்டும்.

ஆனால் செல்விக்கு இன்னும் எந்தச் சீட்டிலும் நம்பிக்கை வரவில்லை. போனைச் சரிபண்ணிக்கொண்டு, தினமும் காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் கூப்பிடுகிறாள்.

"அண்ணே, மூணுதான?"

"மூணுதாம்மா."

அவள் கேட்கிறவரைக்கும் எடுப்பேன், வசந்தி. ஒரு வேளைகூடத் தவறாமல் எடுப்பேன்.

பயத்தோடும் பாசத்தோடும்,
உன் கூடப் பிறந்த
கணேசன் அண்ணன்