டீ குடித்தால் சாப்பிட்ட கணக்கு

மார்ச் 3, ஞாயிறு
என் முட்டி மாத்திரையில் ஒரு அட்டையை முருகையனுக்குக் கொடுத்தேன். பத்து வருடமாக என் அளத்தில் உப்பு வாருகிறவன், இப்போது குந்தினால் எழ முடியவில்லை. “முட்டிக்குள்ள கல்லு அரைக்குது மொதலாளி” என்றான். எனக்கும் அதே மூட்டு வாதம்தான். எனக்குக் கேட்கிற மாத்திரை அவனுக்குக் கேட்காதா? சீசனில் அவன் படுத்தால் நஷ்டம் எனக்கு. அதையும் மறைக்காமல் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 9
குதிரை மாதிரி நடக்கிறான். இன்னொரு அட்டை.

மார்ச் 28, வியாழன்
மெடிக்கல் கடை ஜெயா, “அட்டை சீக்கிரம் தீருதே, சாப்ட்டுட்டுதானே போடறீங்க?” என்றாள். நான் இட்லி தின்றுவிட்டுப் போடுகிறேன். அவன்? அளத்தில் விடியலில் டீ. வெயில் ஏறுமுன் வாரி முடித்து, பத்து மணிக்குத்தான் சோறு. டீ குடித்தால் சாப்பிட்ட கணக்குதான் எங்களுக்கு. “ஆமாம்மா” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 11, வியாழன்
முருகையன் பாத்தி வரப்பில் சாய்ந்துவிட்டான். மூன்று நாளாக வெளிக்குத் தார் மாதிரி கறுப்பாகப் போயிருக்கிறது. வெட்கப்பட்டுப் பொண்டாட்டி பொன்னியிடம்கூடச் சொல்லவில்லை. லோடு வண்டியிலேயே பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டரம்மா, “வலி மாத்திரை எதனா போட்டியாப்பா?” என்றார். அவன் என்னைப் பார்த்தான். “ரெண்டு நாளு போட்டேம்மா. கடையில வாங்கினது.”

என்னைக் காப்பாத்துறான்! நானும் வாயை மூடிக்கிட்டு கேட் வரைக்கும் வந்துட்டேன். ச்சீ — அவன் செத்தா யார்டா பதில் சொல்றது? திரும்பிப் போய் அட்டையைக் காட்டினேன். “நாப்பது நாளும்மா. நான்தான் குடுத்தேன். வெறும் டீயில.”

அவர் திட்டவில்லை. “நீங்களும் போடறீங்களா?”

“இட்லி சாப்ட்டுட்டு.”

“அதான் இன்னும் நிக்கறீங்க. ரொம்ப நாளு அதுவும் காப்பாத்தாது.”

ஏப்ரல் 14
வயிற்றுப்புண். குழாய் விட்டுப் பார்த்தார்கள். ரத்தம் நின்றுவிட்டது. எனக்கு அந்த மாத்திரையால் பிரஷர் ஏறியிருக்கிறதாம், நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். முட்டி கத்துகிறது. கத்தட்டும்.

மே 6, திங்கள்
பொன்னி வந்தாள். “சும்மா பணம் குடுத்தா அவரு வாங்க மாட்டாருண்ணே. வேலை குடுங்க. மாத்திரை குடுக்காதீங்க.”

பேசி முடித்தது: முருகையன் இனி அளத்தில் இறங்குவதில்லை. கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சாக்கு தைப்பான். கூலி மட்டும் உப்பு வாருகிறவனுக்கு உள்ளதே, குறையாது. விடியலில் எல்லோருக்கும் டீக்கு முன்னால் கூழ், என் செலவு. டாக்டர் சீட்டு இல்லாமல் யாருக்கும் மாத்திரை கிடையாது — எனக்கும். அந்தக் கூழை நானும் அவர்களோடு உட்கார்ந்து குடிக்க வேண்டும். இது பொன்னி போட்ட ஷரத்து. ஒத்துக்கொண்டேன்.