அலியே ஆற்றில் கரையப்போகும் அண்ணைக்கு

என்ர செல்ல அண்ணை,

டென்மார்க்கின் விபோர்க்கிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் போய் இருபத்தாறு நாளாகிவிட்டது. நான் இன்னும் இங்கேதான் கிடக்கிறேன்.

ஒருநாளும் காணாத உங்கள் ஊர் எனக்கு மனப்பாடம். பிரான்சின் நடுவில், அலியே ஆற்றோரம், மூலேன். மணிக்கூட்டுக் கோபுரத்து உச்சியில் அப்பா, அம்மா, மகன், மகள் என்று நாலு பொம்மைகள். பெரியவர்கள் மணியை அடிப்பார்கள், பிள்ளைகள் கால்மணியை அடிப்பார்கள். "கேளடி, குடும்பமே வேலை செய்யுது, நீதான் படுத்துக் கிடக்கிறாய்" என்று போனைத் தூக்கிப் பிடிப்பீர்கள்.

பழைய பிரபுக்களின் கோட்டையில் மிஞ்சி நிற்கும் கோபுரத்துக்கு ஊர்ச்சனம் வைத்த பெயர் 'தலை இழுக்காதவள்'. கூரை சீவாத தலை மாதிரியாம். சின்னதில் சீப்பைக் கண்டால் ஓடிய என்னையும் அந்தப் பெயராலேயே கூப்பிட்டீர்கள். அந்தக் கோபுரம் நெடுங்காலம் சிறையாக இருந்ததை மட்டும் சொல்லவில்லை. நானே தேடி வாசித்தேன். ஏன் அண்ணை மறைத்தீர்கள்?

பாலத்தைப் பற்றிச் சொன்னீர்கள். ஜேர்மன்காரன் பிடித்திருந்த காலத்தில் நாட்டைப் பிரித்த கோடு அந்த ஆற்றோடுதான் போனதாம். அக்கரையில் இருக்கும் தாயைப் பார்க்கவும் பாஸ் வேண்டுமாம். "எங்கட ஓமந்தைச் சோதனைச்சாவடி மாதிரித்தான்" என்றீர்கள்.

என்னிடம் அந்தப் பாஸும் இல்லை. விசா நீட்டிப்பு விண்ணப்பம் எட்டு மாதமாகக் கிடக்கிறது, பழைய அட்டை காலாவதி. "போனால் திரும்பி வரலாம் என்று நான் சொல்லமாட்டேன்" என்றார் வழக்கறிஞர். திரும்ப விடாவிட்டால் ஒன்பது வயது மகள் இங்கே, நான் அங்கே. உங்கள் செத்தவீட்டைப் போனில்தான் பார்த்தேன். படம் நடுவில் நின்றுவிட்டது. கோபத்தில் போனைச் சோபாவில் எறிந்தேன்.

நேற்று உங்கள் அறைத் தோழர் ரவி போன் எடுத்தார். உங்கள் சாம்பல் தகனச்சாலையில் எனக்காகக் காத்திருக்கிறதாம்.

"அக்கா, முப்பத்தொண்டாம் நாள் காரியம் வருது. வாறியளோ, இல்லாட்டி நாங்களே ஆத்தில கரைச்சு விடவோ?"

"இன்னும் கொஞ்சம் பொறுங்கோ தம்பி."

"எவ்வளவு நாளைக்கு அக்கா?"

என்னோடு சேர்த்து உங்களையும் பூட்டி வைக்கப் பார்த்தேனே, நானெல்லாம் என்ன சென்மம்! "கரைச்சு விடுங்கோ" என்றேன். சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதேன்.

மாமா எங்கே போவார் என்று மகள் டெனிஷில் கேட்டாள். வரைபடத்தை எடுத்து, அலியேயில் விரலை வைத்து, லுவார் ஆற்றில் இறக்கி, அத்திலாந்திக்கைச் சுற்றி, டென்மார்க்கின் மேற்குக் கரையில் கொண்டுவந்து நிறுத்தினாள். எல்லாம் ஒரே தண்ணிதானே அம்மா என்றாள், அதுவும் டெனிஷில்தான்.

அண்ணை, முப்பத்தோராம் நாள் காலை நான் அந்த மேற்குக் கரையில் இருக்கும் எஸ்பியர்க்குக்கு ரயில் ஏறுவேன். எவ்வளவு குளிரடித்தாலும் முழங்கால்வரை கடலில் இறங்கி நிற்பேன். அதுவரைக்கும் வர என்னிடம் ஒருவரும் கடதாசி கேட்கமாட்டார்கள். மிச்சத் தூரத்துக்கு நீங்கள்தான் வரவேண்டும்.

உங்கட ஒரே தங்கச்சி,
மலர்