சுண்ணாம்பைக் கொட்டிப்போட்டன்

இஞ்சாருங்கோ,

விடியத் துவங்கி சின்னவன் டிலோனுக்குக் குளிர்க்காய்ச்சல், உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. மூத்தவளுக்கும் இப்பிடித்தான் துவங்கினது. நீங்கள் கடலால வருமட்டும் பாத்திருக்க ஏலாது. முதல் வள்ளத்தில ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்கு, இரத்தம் சோதிக்கக் கொண்டுபோறன்.

சோறும் குழம்பும் குசினியில மூடிக்கிடக்கு. கதவுத் திறப்பு வழமையான இடத்தில.

இண்டைக்கு மலேரியாக்காரர் மருந்தடிக்க வருவினம். அலுமாரியையும் கதிரையளையும் சுவரால இழுத்து விடுங்கோ. ஒரு அறையும் பூட்டிக் கிடக்கக்கூடாது.

போனமுறை அவை என்ன சொன்னவை? மருந்து பிடிச்ச சுவரில குந்தினால்தான் நுளம்பு சாகும், நாங்கள் திரும்பி வருமட்டும் மேல ஒண்டும் பூசாதேங்கோ எண்டவை. நீங்கள், கோயில் பெருநாளுக்குச் சனம் வரும், சுவர் கறையாக் கிடக்கு எண்டு சுண்ணாம்பு அடிச்சியள். நான் மறிக்க மறிக்க அடிச்சியள். வந்த சனமெல்லாம் வீடு வெள்ளையா இருக்கெண்டு சொல்லிப்போட்டுப் போச்சுதுகள். பெருநாள் முடிஞ்ச கையோட மூத்தவள் அன்ரனிட்டாவைக் காய்ச்சல் கொண்டுபோட்டுது.

செத்தவீட்டிலயும் இதை நான் வாய் திறந்து சொல்லேல்ல.

ஜெயந்தா

பி.கு.: அன்ரனிட்டாவின்ர முப்பத்தோராம் நாள் பூசைக்கெண்டு திரும்பவும் சுண்ணாம்பு நனைய வைச்சிருக்கிறியள். கண்டன். கொண்டுபோய்க் கடற்கரையில கொட்டிப்போட்டன். வாறவை கறைச் சுவரைப் பாத்திட்டுப் போகட்டும்.

நேற்று உங்கட கையும் சுட்டது. மருந்தடிக்க வாறவையிட்ட நீங்களும் சோதிக்க இரத்தம் குடுங்கோ.

அவைக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுங்கோ. போனமுறை அன்ரனிட்டாதான் கொண்டுபோய்க் குடுத்தவள். பிள்ளை எங்க எண்டு கேப்பினம். நீங்களே சொல்லுங்கோ.